பகிடி யாருக்கு, வதை யாருக்கு?



ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தாய்மொழிக் கல்வியின் சிறப்பினைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். அதனை என்னிலும் சிறப்பாக எழுத வல்லோர் நம் பள்ளியில் பலர் உளர். கடந்த ஆண்டு திருக்குறள் மனனப் போட்டி நடந்த நாளில், பள்ளியின் நடைவழியில் நான் கண்ட காட்சியொன்றே என்னை வேறொரு பொருள் பற்றி எழுதத் தூண்டிற்று.

அன்றைய போட்டிக்குரிய அதிகாரம் ‘இனியவை கூறல்’. பத்துக் குறள்களையும் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்ற பிள்ளைகளுள் ஒருவன், வெற்றிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறே, மேடையில் இடைநடுவே தடுமாறி நின்றுவிட்ட இன்னொரு பிள்ளையைப் பட்டப்பெயர் ஒன்றினால் அழைத்தான். சூழ நின்ற ஏழெட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். தேநீர் மேசையருகே நின்ற பெரியோரும் புன்னகைத்தார்கள். “பிள்ளையள் பகிடி விடுகினம், மாஸ்ரர்” என்றார் ஒருவர். நானும் புள்ளித் தாள்களைச் சுமந்தவாறு அப்பால் நடந்துவிட்டேன். அந்தப் பட்டப்பெயரை இங்கு எழுதப் போவதில்லை. அச்சிலேறினால் அது நிலைத்துவிடும்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அப்பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தேன். “சனிக்கிழமை விடிஞ்சால் வயித்துக்குத்து எண்டு சொல்லுறான், மாஸ்ரர். ஞாயிற்றுக்கிழமை ஒண்டுமில்லை” என்றார் தாயார். அந்த வயிற்றுக்குத்து எங்கிருந்து வந்ததென்பது எனக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையினதும் பெற்றோரதும் இசைவுடனேயே இதனை எழுதுகின்றேன்.

சொல்லுக்குள் இருக்கும் உண்மை

ஈழத்துத் தமிழில் ‘பகிடிவதை’ என்றொரு சொல் உண்டு. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதுமுக மாணவரை அலைக்கழிக்கும் கொடுமைக்கு இட்ட பெயர் அது. பகிடி என்பது ஒருவனுக்கு. வதை என்பது மற்றவனுக்கு. செய்பவனும் பார்ப்பவனும் முதற்பாதியை மட்டுமே காண்கின்றனர். அனுபவிப்பவன் பிற்பாதியை மட்டுமே காண்கின்றான். பிள்ளைகள் விளையாட்டு என்று நாம் ஒதுக்கித் தள்ளும் பல செயல்கள் இந்த இரண்டு பாதிகளையும் கொண்டவை. பாடசாலைக் கொடுமைகள் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு சொல்லே போதுமானது என்பேன்.

அவ்வதை உயிரையும் குடித்திருக்கின்றது. 1996-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். 1997-இல் அங்கு பகிடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே 1997-இல் இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். மறு ஆண்டு, 1998-இன் 20-ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

அச்சட்டம் வந்த மறு ஆண்டே நான் பல்கலைக்கழகம் புகுந்தேன். சட்டம் புத்தகத்தில் இருந்தது. நாங்கள் விடுதி முற்றத்தில் முழந்தாளில் நின்றோம். அதனைவிட வெட்கத்துக்குரியது அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. புதிய மாணவர் வந்தபோது, பட்ட கடனைத் திருப்பிக் கொடுப்பவர் போல, நாங்களும் அவர்களை முழந்தாளில் நிறுத்தினோம். நான் கை நீட்டி எவரையும் அடிக்கவில்லை. ஆயினும் சுற்றி நின்று சிரித்தவர்களுள் ஒருவனாக நின்றேன். அக்காலத்தில் அதனை ஒரு குற்றமென்று நான் எண்ணவில்லை.

ஓர் ஆசிரியனின் பிழை

பட்டம் பெற்றபின் வன்னியில் ஒரு பாடசாலையில் ஆசிரியப் பணி கிடைத்தது. 2007-ஆம் ஆண்டளவில், இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றின் பையன் என் வகுப்பிற் சேர்ந்தான். கூரிய அறிவுடையவன். கணக்கில் அவனை வெல்ல அவ்வகுப்பில் எவருமில்லை. ஆனால் பேச்சுத் திக்கும். ஒருநாள் தமிழ்ப் பாடத்தில் அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். முதற் சொல்லிலேயே நின்றுவிட்டான். வெயில் நேரம், பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம் எனக்கு. “மணி அடிக்கிறதுக்கு முன்னம் முடிப்பியோ?” என்று கேட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அது ஒரு வாக்கியந்தான். எனினும் அதன்பின் வகுப்பில் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே அனுமதிச் சீட்டாயிற்று. ஆசிரியரே சிரித்த ஒன்றை மாணவர் ஏன் சிரிக்கலாகாது? இடைவேளையில் அவனைச் சூழ்ந்து நின்று பேசிக் காட்டச் சொன்னார்கள். அவன் என்னிடம் வந்து முறையிட்டபோது, “நீயும் திருப்பிச் சொல்லன்” என்று அனுப்பிவிட்டேன். திக்கிப் பேசும் பிள்ளையை நோக்கி நான் கூறிய அறிவுரை அது! சில வாரங்களில் அவன் கடைசி வாங்குக்குச் சென்றான். பின்னர் வருகை குறைந்தது. பின்னர் வரவேயில்லை. 2008-இல் பாடசாலையே இடம்பெயர்ந்தது. அவன் எங்கே போனான், என்ன ஆனான் என்பதை இன்றுவரை நான் அறியேன். போரிலே எத்தனையோ இழந்தோம். அவற்றுக்குப் பிறரைக் குற்றஞ்சாட்டலாம். அந்தப் பிள்ளையின் படிப்பு போரினால் மட்டும் நின்றதன்று.

இந்நாடு கற்ற பாடம்

நாம் அடைக்கலம் புகுந்திருக்கும் இந்நோர்வே நாடும் இப்பாடத்தைத் துயரத்தின் வழியாகவே கற்றது. இங்கே வழங்கும் ‘மொப்பிங்’ என்ற சொல் முதலில் பறவைகளைப் பற்றியது. பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காகங்கள் கூடிச் சூழ்ந்து கொத்தி விரட்டுவதை நாம் ஊரில் கண்டிருக்கின்றோம். அத்தகைய கூட்டுத் தாக்குதலுக்கே அச்சொல் வழங்கியது. சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் பவுல் ஹைனமன் 1969-இல் பிள்ளைகள் கூடி ஒரு பிள்ளையை வருத்துவதற்கு அச்சொல்லைக் கையாண்டார்.

1982-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வடநோர்வேயில், 10 முதல் 14 வயது வரையான மூன்று சிறுவர்கள் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நம்மவர் பலர் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை தேடிச் சென்ற அதே வடபுலந்தான். சகமாணவர் இழைத்த கொடுமையே பெரிதும் காரணமாயிருக்கலாமென்பது தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. 1983-இல் அரசு நாடளாவிய இயக்கமொன்றைத் தொடங்கிற்று. பேர்கன் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் டான் ஒல்வேயஸ் அக்காலத்தில் நடத்திய ஆய்வு, ஏறத்தாழ ஏழு மாணவருள் ஒருவர் கொடுமைக்கு ஆளாகியோ கொடுமை செய்தோ வருவதைக் காட்டிற்று. அவர் வகுத்த முறையைப் பேர்கனில் 42 பாடசாலைகளில் ஏறத்தாழ 2,500 மாணவரிடம் நடைமுறைப்படுத்தி இரண்டரை ஆண்டுகள் கவனித்தபோது, கொடுமை பாதியளவுக்குக் குறைந்தது. 2020-இல் அவர் மறைந்தபோது அவருடைய முறை வேறு பல நாடுகளிலும் பரவியிருந்தது.

அம்முறையில் மந்திரம் எதுவுமில்லை. எவரையும் வருத்தமாட்டோம், வருத்தப்படுபவருக்கு உதவுவோம், தனித்து விடப்பட்டவரைச் சேர்த்துக்கொள்வோம், கண்டதைப் பாடசாலையிலும் வீட்டிலும் பெரியோரிடம் சொல்வோம் என்னும் நான்கு விதிகள். இடைவேளையில் முற்றத்தில் ஆசிரியர் நிற்றல். வகுப்பில் தவறாத கலந்துரையாடல். கொடுமை செய்தவரோடும் அவர்தம் பெற்றோரோடும் நேரே பேசுதல். சுருங்கக் கூறின், பெரியவர்கள் புன்னகைத்துவிட்டு அப்பால் நடவாமை.

எது விளையாட்டு, எது கொடுமை என்று எவ்வாறு அறிவது? ஒல்வேயஸ் மூன்று அடையாளங்களைக் கூறினார். புண்படுத்தும் செயலாயிருத்தல், அது மீண்டும் மீண்டும் நிகழ்தல், பாதிக்கப்பட்டவர் எதிர்த்து நிற்க இயலாதவாறு வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல். அடிப்பது மட்டுமன்று, பேசாமல் ஒதுக்குவதும், பிறந்தநாள் விழாவுக்கு ஒருவரை மட்டும் அழையாது விடுவதும், கைத்தொலைபேசிக் குழுவிலிருந்து நீக்குவதும், அக்குழுவில் ஒருவரது படத்தை இட்டு நகைப்பதும் இதிலடங்கும். முற்காலத்தில் வீட்டுக்கு வந்தாலாவது பிள்ளைக்கு ஆறுதல் இருந்தது. இன்று கொடுமை கைத்தொலைபேசியிலே படுக்கையறை வரை வருகின்றது.

சூழ நிற்போரே தீர்மானிப்போர்

மாணவச் செல்வங்களே, இப்பகுதி உங்களுக்குரியது. கனடாவின் ரொறன்ரோ நகரில் பாடசாலை முற்றங்களில் நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்ட முடிவொன்றைக் கேளுங்கள். கொடுமை நிகழ்ந்த பத்துத் தருணங்களுள் ஏறத்தாழ ஒன்பதில் வேறு பிள்ளைகள் அருகில் நின்றார்கள். அவர்கள் குறுக்கிட்டதோ ஐந்தில் ஒரு தருணத்தில்தான். ஆனால், குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிகளுக்குள் கொடுமை நின்றுபோயிற்று. பத்து விநாடி! ஒரு குறளைச் சொல்லி முடிக்கும் நேரம்.

கொடுமை செய்பவன் பெரும்பாலும் தனிமையிற் செய்வதில்லை. அவனுக்கு அவை வேண்டும். சிரிக்க எவருமில்லையேல் அவன் நாடகம் முடிந்துவிடும். ஆகவே, நீங்கள் வீரராக வேண்டியதில்லை, சண்டையிட வேண்டியதுமில்லை. சிரியாதிருங்கள். தனித்து நிற்பவன் அருகிற் போய் நில்லுங்கள். “வா, போவோம்” என்று அழையுங்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்லுதலன்று. ஒருவனைத் தண்டனையில் மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவனைத் துன்பத்திலிருந்து மீட்கச் சொல்வது உதவி. உங்களுக்கே துன்பம் நேருமாயின், அது உங்கள் குற்றமன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல இயலாதபோது, 116 111 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

பெற்றோரிடம் சில சொற்கள்

பிள்ளை வந்து சொல்லும்போது நம் வீடுகளில் மூன்று மறுமொழிகள் வழக்கிலுள்ளன. “பொறுத்துப் போ” என்பது ஒன்று. “திருப்பி அடி” என்பது மற்றொன்று. “நாங்கள் ஷெல்லடிக்குள்ளை படிச்சனாங்கள், உனக்கென்ன குறை?” என்பது மூன்றாவது. முதலாவது பிள்ளையைத் தனிமையாக்கும். இரண்டாவது பிள்ளையையும் குற்றவாளியாக்கும். மூன்றாவதே மிகக் கொடியது. பெற்றோர் பட்ட பெருந்துயரின் முன்னால் தன் துயரம் சிறிதென்று எண்ணிப் பிள்ளை வாய்மூடிவிடும். நம் துயரத்தைப் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். அதைக் கொண்டு அவர்களின் துயரத்தை அளக்கலாகாது.

வேறொரு தயக்கமும் நமக்குண்டு. வந்தேறிய நாட்டில் முறைப்பாடு செய்தால் வீண்வம்பு நேருமென்னும் அச்சம் அது. இந்நாட்டில் அது வேண்டாத அச்சமாகும். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் இருந்துவரும் விதிகள், 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள புதிய கல்விச் சட்டத்தின் 12-ஆம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளன. பாடசாலையிற் பணிபுரியும் ஒவ்வொருவரும் கண்காணிக்கவும், கண்டவிடத்துத் தடுக்கவும், அதிபருக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டவர். பாடசாலை விசாரித்து, எழுத்தில் திட்டம் வகுத்துச் செயற்படவேண்டும். தான் பாதுகாப்பாக இல்லையென்று பிள்ளை உணர்வதே இக்கடமை எழுவதற்குப் போதும். வேறு சான்று தேடவேண்டியதில்லை. ஆசிரியரே கொடுமை செய்வாராயின் கடமை இன்னும் கடுமையாகின்றது. வன்னியில் அன்று அத்தகைய சட்டம் இருந்திருப்பின், அதன் முன் நின்றிருக்க வேண்டியவன் நான்.

எனவே, முதலில் வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் பேசுங்கள். பேசியதை எழுத்திலும் அனுப்புங்கள். எந்நாளில் என்ன நிகழ்ந்ததென்று குறித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் வந்தவற்றை அழியாது சேமியுங்கள். அதிபரிடம் தெரிவித்து ஒரு வாரம் கடந்தும் பாடசாலை உரியதைச் செய்யவில்லையெனக் கருதினால், மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியாகிய ஸ்தாட்ஸ்ஃபோர்வால்தர் அலுவலகத்துக்கு அதனைக் கொண்டுசெல்லலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென உள்ள மொப்பிங் ஒம்பூட் அதிகாரியிடமும் வழிகாட்டல் பெறலாம்.

நோர்வே மொழி போதாதவர்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். தேவைப்படும் இடத்தில் அரச நிறுவனங்கள் அதற்கு ஒழுங்கு செய்யவேண்டுமென்றும், அப்பணிக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தலாகாதென்றும் 2022 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் கூறுகின்றது. தனக்கு நேர்ந்த அவமானத்தைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் நிலைக்கு ஒரு பிள்ளையை ஆளாக்காதீர்கள். பிள்ளை, கேட்பவர் முகத்தையும் பார்க்கும், உங்கள் முகத்தையும் பார்க்கும். பார்த்துப் பாதியை விழுங்கிவிடும்.

இனி ஒரு கசப்பான உண்மை. கொடுமை செய்வதும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைதான். பாடசாலையிலிருந்து அத்தகைய செய்தி வந்தால், “என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யாது” என்று உடனே மறுக்காதீர்கள். கேளுங்கள். அடிக்காதீர்கள், அடி, வலியவன் எளியவனை வருத்தலாம் என்பதையே மீண்டும் கற்பிக்கும். நிறத்தையும் பருமனையும் புள்ளிகளையும் வைத்து உறவினர் பிள்ளைகளைப் பற்றி நாம் சாப்பாட்டு மேசையிற் பேசும் பேச்சே, மறுநாள் பாடசாலை முற்றத்தில் பட்டப்பெயராக மாறுகின்றதோ என்றும் எண்ணிப் பாருங்கள்.

நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள்

நோர்வேப் பாடசாலைகளின் குறைகளைப் பேசுவது எளிது. வார இறுதியில் தன்னார்வமாக நடைபெறும் நம் பள்ளிக்கு அச்சட்டம் வகுத்த கடமைகள் இல்லை. ஆதலால் நாமே நம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். இங்கும் வதை நிகழ்கின்றது. அண்மையில் ஊரிலிருந்து வந்த பிள்ளையின் நோர்வே மொழியைக் கண்டு ஒரு சாரார் நகைக்கின்றனர். இங்கு பிறந்த பிள்ளையின் தமிழைக் கண்டு மறுசாரார் நகைக்கின்றனர். தமிழ் பேச வந்த இடத்தில் தமிழ் பேசியதற்காக ஒரு பிள்ளை சிரிப்புக்கு ஆளாகுமாயின், அது மறுபடியும் வாய் திறக்குமா? தமிழ் கற்கப் பிள்ளைகள் விரும்பவில்லையென்று நாம் வருந்துகின்றோம். சிலர் தமிழை வெறுக்கவில்லை. நம் நடைவழியை அஞ்சுகின்றனர்.

ஆகவே பள்ளி நிர்வாகத்தினர் முன் சிலவற்றை வைக்கின்றேன். இடைவேளையில் ஆசிரியர் இருவர் நடைவழியிலும் முற்றத்திலும் நிற்கவேண்டும். முதலாம் தவணைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தயக்கமின்றிப் பேசத்தக்க ஆசிரியர் இருவரின் பெயர்களைப் பெற்றோருக்கு அறிவிக்கவேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து இரு வாரங்கள் வராதவிடத்து, காரணத்தைத் தொலைபேசியில் அன்புடன் விசாரிக்கவேண்டும். குறைந்த புள்ளிகளை வகுப்பில் உரத்து வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். பட்டப்பெயர் எவருக்கும் வேண்டாம். ஆசிரியர் வாயிலிருந்து ஒருபோதும் வேண்டாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. தேநீரைச் சற்று ஆறவிடும் மனம் தேவை.

மீண்டும் அந்தப் பிள்ளையிடம் வருகின்றேன். தொலைபேசியில் பேசிய மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். “அண்டைக்கு நான் பார்த்தும் பேசாமல் போனது பிழை” என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பிள்ளையிடம் கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பும் அதனுள் இருந்ததை அவன் அறியான். அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். யாரோ அப்பெயரை மீண்டும் கூவினார்கள். நான் வாய் திறக்குமுன்னரே, அவ்வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி திரும்பிப் பார்த்து, “அவற்றை பேர் அதில்லை” என்று அவனுடைய உண்மைப் பெயரைச் சொன்னாள். எவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பட்டப்பெயர் என் செவியில் விழவில்லை.

அச்சிறுமி அவ்வாண்டு மனனப் போட்டியில் எந்தப் பரிசும் பெறவில்லை. ‘இனியவை கூறல்’ என்ற அதிகாரத்தை எங்கள் எல்லோரிலும் நன்றாகக் கற்றவள் அவளே என்பது என் துணிபு. குறளை மனனம் செய்விப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நம் பிள்ளைகள் பேசும் தமிழ், இன்னொரு பிள்ளையின் வயிற்றை நோகச் செய்யாத தமிழாக வளரட்டும். அதற்கு முதற்கண் பெரியவர்களாகிய நாம் நடைவழியில் சற்று நின்று பார்ப்போமாக!